29 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பழைய போன்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் மருமகன் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டு முடித்தான். இடையில் நான் ஒரு தடவையும் கை வைக்கவில்லை. போன் படம் எடுத்தது, எழுத்தைப் பிரித்தது, காதுக்குள் வாசித்தது. ஐந்து மாதமாகக் கட்டியும் பிரித்தும் பார்த்த சாமான் இது. மறந்துபோக முதல் எழுதிவைக்கிறேன். வேறு யாராவது செய்ய நினைத்தால் நான் வீணாக்கிய காசாவது அவர்களுக்கு மிஞ்சும்.

நான் திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் போனும் ரேடியோவும் திருத்துகிறவன். தங்கச்சியின் மகன் தரம் 7. கோட்டைக்குள் நிற்கும் மான்களைப் பற்றிக் கேளுங்கள், எந்த மான் எந்த மரத்தடியில் படுக்கும் என்பது வரைக்கும் பத்து நிமிடம் கதைப்பான். அதையே நாலு வரி அச்சில் கொடுத்தால் கழுத்து வியர்த்துவிடும். கண் பரிசோதித்தோம், கண்ணில் ஒரு குறையும் இல்லை. "மொக்கன்" என்று வகுப்பில் பெயர் விழுந்த பிறகுதான் ஒரு டொக்டர் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பு இடர்பாடு, என்ற சொல்லை எங்களுக்குச் சொன்னார். அவன் தடுக்குகிற இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். "கா" வருகிற இடத்தில் "கர" என்பான், "கர" வருகிற இடத்தில் "கா" என்பான். துணைக்கால் எது, ரகரம் எது என்று பிடிபடாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும். அதில் ஒரு குழப்பம். "கொ" என்றால் இரண்டு பக்கமும் சுற்றி வளைக்கிறது, கேட்கவே வேண்டாம்.

முதலில் ஆயத்தமாகக் கிடைப்பதைத்தான் தேடினேன். வரிக்கு மேலே இழுத்தால் வாசிக்கிற பேனாக்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. நான் பார்த்தவற்றின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. விலையைப் பார்த்தபின் இல்லாமல் போனதே நல்லது என்றும் தோன்றியது. அடுத்து, டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்றே செய்த ஓப்பன்டிஸ்லெக்சிக் என்ற எழுத்துருவை இறக்கி ஒரு பின்னேரத்தைத் தொலைத்தேன். அதில் இருப்பது இலத்தீன் எழுத்துகள். தமிழ் எழுத்துகள் போட்டபடியே நின்றன. கூகுள் லென்ஸ் தமிழை வாசித்தது, நன்றாகவே வாசித்தது. ஆனால் அதற்கு டேட்டா வேண்டும். தங்கச்சி பாலையூற்றில் இருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அவளோடு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்பும். அதற்குள் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடும். அதனால் மூன்று நிபந்தனை வைத்துக்கொண்டேன். டேட்டா கேட்கக் கூடாது. அம்மாவின் போனாக இருக்கக் கூடாது. பழுதானால் நானே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

கடையில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. 2,800 ரூபாவுக்கு ஒரு வெப்கமரா வாங்கி மேசை விளக்கின் கழுத்தில் கட்டினேன். எழுத்தைப் பிரிக்க டெசராக்ட் என்ற மென்பொருள். 1980களில் எச்பி கொம்பனியில் தொடங்கி 2005 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, தமிழுக்கும் பயிற்சிக் கோப்பு இருக்கிறது, காசில்லை. வந்தது தமிழே இல்லை. சொல்லுக்கு ஒரு எழுத்துத்தான் சரி. இரண்டு நாள் மென்பொருளைத் திட்டிவிட்டு, மூன்றாம் நாள்தான் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். கமராவின் படம் அகலத்தில் 1280 புள்ளி, அதாவது பிக்சல். ஏ4 பக்கத்தின் நீளம் 11.7 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 109 புள்ளி. டெசராக்ட்டுக்கு 300 அளவில் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அந்தப் படத்தில் தூசியோடு தூசி. இதை வாங்குவதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியில் கணக்குப் பார்த்திருந்தால் 2,800 ரூபா மிஞ்சியிருக்கும்.

சரி, போன் கமராவில் புள்ளி கூட. அப்படியென்றால் போனிலேயே எல்லாவற்றையும் ஓடவைத்தால் மடிக்கணினி எதற்கு? அன்ட்ரொய்டில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் லினக்ஸ் கட்டளைகள் வேலை செய்யும், டெசராக்ட்டும் அதற்குள் ஏறும். லாச்சியில் கிடந்த முதல் போன் அன்ட்ரொய்டு 5, டெர்மக்ஸுக்கு 7 ஆவது வேண்டும். அடுத்ததாக ஒரு வாடிக்கையாளர் விற்க வந்த போனை 11,000 ரூபாவுக்கு எடுத்தேன். 13 மெகாபிக்சல் கமரா. திரையில் மூலையிலிருந்து மூலைக்கு வெடிப்பு. எனக்கு அது தேவையுமில்லை, திரை மேலே பார்த்துத்தானே இருக்கப் போகிறது. பற்றரி மட்டும் மாற்றினேன், என்னிடம் இருந்தது, கணக்கில் சேர்க்கவில்லை.

போனைப் பக்கத்துக்கு மேலே பிடிக்கிற தாங்கிதான் அதிக நாளைத் தின்றது. அரை அங்குல எஸ்லோன் பிவிசி குழாய், அதைப் பொருத்த ஆறு முழங்கை, இரண்டு ரீ வடிவ இணைப்பு. முதல் தாங்கிக்கு ஒரே கால். பார்க்க மேசை விளக்கு மாதிரி அழகாக இருந்தது. பிள்ளை பக்கம் புரட்டினால் போன் தலையாட்டும், படம் கலங்கும். பிறகு இரண்டு பக்கமும் கால், மேலே குறுக்குக் குழாய், கீழே ப வடிவில் அடி. அடிக் குழாய்க்குள் டச்சுபே கடற்கரையிலிருந்து இரண்டு பேணி மணல் கொண்டுவந்து கொட்டி அடைத்தேன். அதன் பிறகு அசையவில்லை. மணலைக் கழுவாமல் போட்டது பிழை. உப்பு ஈரம் குழாயை ஒன்றும் செய்யாது, ஆனால் அடியில் முறுக்கிய திருகாணிகள் இரண்டு மாதத்தில் செம்மண் நிறமாகிவிட்டன. போன் படுக்க 18 க்கு 9 சென்ரிமீற்றரில் ஒட்டுப்பலகைத் துண்டு, கமராவுக்கு நேரே 25 மில்லிமீற்றர் துளை. மரக்காலையில் வெட்டுத்துண்டு 400 ரூபாவுக்குத் தந்தார்கள்.

உயரம் என்ன? முதலில் 22 சென்ரிமீற்றர் வைத்தேன், பக்கத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டது. பயத்தில் 40 க்கு ஏற்றினேன். பக்கம் முழுதாக விழுந்தது. கூடவே மேசைவிரிப்பின் பூக்களும் விழுந்தன, அவற்றையும் டெசராக்ட் எழுத்து என்று நினைத்து வாசிக்கப் பார்த்தது. கடைசியில் 29. அந்த உயரத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 285 புள்ளி கிடைக்கிறது, அது போதும். உங்கள் போனுக்கு இது மாறும். குழாயை வெட்ட முதல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனை வைத்து, உயரத்தைக் கண்டுபிடியுங்கள். நான் மூன்று சோடிக் குழாய் வெட்டிய பிறகு வந்த புத்தி அது.

வெளிச்சம் அடுத்த தலையிடி. மேலேயிருக்கிற பல்பை நம்பினால் போனின் நிழல் பக்கத்தின் நடுவில் விழும். யூஎஸ்பியில் எரியும் எல்இடி பட்டியை இரண்டாக வெட்டி, இரண்டு கால்களிலும் உள்பக்கமாகச் சரித்து ஒட்டினேன். நிழல் போனது. ஆனால் புத்தகம் முதுகில் வளைகிற இடத்தில் வரிகள் மலை ஏறி இறங்குவது போல் வந்தன. அதை அமத்த 900 ரூபாவுக்கு கண்ணாடி மாதிரியான ஒரு பேர்ஸ்பெக்ஸ் தகடு வாங்கினேன். தகட்டில் எல்இடி பளபளத்தது, எழுத்து வெள்ளையாய் எரிந்தது. தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு பலகையை வி வடிவில் பிணைத்து, புத்தகத்தை அதில் சாய்த்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் போனைப் பார்க்க வைத்தேன். இரண்டு உடுப்புக் கிளிப். இந்தக் கிளிப் இல்லாவிட்டால் கச்சான் காற்று பக்கத்தைப் புரட்டிவிடும். மின்விசிறி போட்டாலும் அதே கதை. வைகாசிப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் படிக்கச் சொல்லி எந்தப் பிள்ளையிடம் கேட்பது?

படம் எடுக்க யார் அமத்துவது என்ற பிரச்சினைக்கு எதிர்பாராத இடத்தில் வழி கிடைத்தது. டெர்மக்ஸே படம் எடுக்கும், ஆனால் என் போனில் அது குவியம் பிடிக்க முதலே எடுத்துவிட்டது. போனின் சொந்தக் கமராச் செயலி ஒழுங்காக எடுக்கும். வயர் இயர்போனில் சத்தம் கூட்டுகிற பொத்தானை அமத்தினால் அதுவே படம் எடுக்கும் பொத்தான். பிள்ளை எப்படியும் காதில் இயர்போன் போட்டிருப்பான். நெஞ்சருகே தொங்குகிற வயரில் ஒரு அமத்து, படம். படங்கள் விழுகிற கோப்புறையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, எழுதினேன். புதுப் படம் வந்தவுடன் அதைக் கறுப்பு வெள்ளையாக்கி டெசராக்ட்டிடம் கொடுக்கும். பக்கத்தைப் பிரிக்கும் முறையை 6 என்று வைக்க வேண்டும், அதாவது முழுவதும் ஒரே எழுத்துக் கட்டு. தானாகக் கண்டுபிடி என்று விட்டபோது புத்தகத்துப் படத்தின் கீழிருந்த குறிப்பைப் பந்தியின் நடுவில் செருகியது. பயிற்சிக் கோப்பில் இரண்டு வகையைப் போட்டுப் பார்த்தேன். சிறந்தது ஒரு பக்கத்துக்கு 50 செக்கன் எடுத்தது, வேகமானது 14. பிள்ளை 50 செக்கன் பொறுக்க மாட்டான். வேகமானதையே வைத்தேன்.

குரலுக்கு முதலில் ஈஸ்பீக் என்ற மென்பொருள். சின்னக் கோப்பு, தமிழும் கதைக்கும். ஆனால் தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பது போல. "ஏன் மாமா இவருக்குத் தடிமனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான், பாடம் அத்தோடு சரி. பிறகு கூகுளின் தமிழ்க் குரலை ஒருமுறை வைஃபையில் இறக்கிவைத்தேன், அதற்குப் பிறகு டேட்டா கேட்கவில்லை. வேகத்தை 0.8 க்குக் குறைத்தேன். ஒரு தமிழ்நாட்டு அக்கா பக்கத்தில் இருந்து வாசிப்பது போல் இருக்கிறது. அந்த அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு சண்டை, "ற்ற". எங்கள் புத்தகத்தில் மீற்றர், லீற்றர் என்றுதான் அச்சாகும், நாங்கள் அதை மீட்டர், லீட்டர் என்று வாசிப்போம். அக்கா எழுதினதை எழுதினபடி வெற்றி, காற்று மாதிரி வாசித்தா. விஞ்ஞானப் புத்தகத்தில் இது வரிக்கு வரி. அதனால் நடுவில் ஒரு மாற்றுப் பட்டியல் போட்டேன். மீற்றர் என்று வந்தால் குரலுக்குப் போக முதல் மீட்டர் ஆகிவிடும். வரலாற்றில் "கி.பி." என்று வருகிற இடமெல்லாம் வசனம் முடிந்ததாக நினைத்து நின்றா, அதையும் சேர்த்தேன். இப்போது 140 வரி வந்துவிட்டது. இந்த முழு வேலையிலும் இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கத் தக்கது அந்தக் கோப்புத்தான்.

ஒரு நாள் அவன் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று இயர்போனைக் கழற்றினான். அச்சில் துணைக்கால் இருந்த இடத்தில் டெசராக்ட் ரகரம் என்று பிரித்திருக்கிறது, அக்கா அதைக் கவனமாக "கர" என்று வாசித்திருக்கிறா. விரலை அந்தச் சொல்லில் வைத்து, "மாமா, இதுக்கும் என்னை மாதிரித்தான்" என்றான். அவனாகவே ஒரு அச்சுச் சொல்லைப் பிழை பிடித்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பிழையைப் பட்டியலில் சேர்த்துத் திருத்தலாமா என்று கேட்டேன். வேண்டாமாம். சரி, விட்டுவிட்டேன்.

காது கேட்டால் மட்டும் போதாது, கண்ணும் கூடவே வரியில் போக வேண்டும் என்று அந்த டொக்டர் சொல்லியிருந்தார். திரையில் சொல்லைச் சொல்லாக நிறம் காட்டலாம், ஆனால் என் போனின் திரை ஆகாயத்தைப் பார்க்கிறது. இதற்கு மூன்று விதமான பெரிய திட்டம் போட்டேன், ஒரு பழைய டிவி உட்பட. கடைசியில் பாதணிப் பெட்டி மட்டையில் 18 சென்ரிமீற்றர் நீளம், 12 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு பிளவு வெட்டி, கறுப்பு மை பூசிக் கொடுத்தேன். ஒரு வரிதான் தெரியும். வசனத்துக்கு வசனம் ஒன்றரைச் செக்கன் நிற்கும்படி ஸ்கிரிப்டில் வைத்ததால் மட்டையை இறக்க நேரம் கிடைக்கிறது. செலவில்லாத சாமான், இதை மட்டும்தான் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகிறான்.

பள்ளிக்கூடத்தில்தான் நான் கணக்குப் போடாத சிக்கல் வந்தது. பயிற்சித்தாள்கள் நகலெடுத்து நகலெடுத்துச் சாம்பல் நிறமாக வரும், அதில் டெசராக்ட் தோற்றுப்போகும். ரீச்சரிடம் கேட்டேன், கணினியில் அடித்த கோப்பையே தந்தால் படம் எடுக்கத் தேவையில்லையே என்று. அவ மறுக்கவில்லை, அன்றிரவே வட்ஸ்அப்பில் அனுப்பினா. திறந்து குரலுக்குக் கொடுத்தேன். அக்கா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கத் தொடங்கினா. பாமினி!

எங்கள் பக்கம் அச்சகம் முதல் பாடசாலை வரை பழகிய எழுத்துரு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். "அம்மா" என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மாற்றுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் நேரே யூனிகோட் எழுத்து, அதாவது எந்தக் கணினியும் தமிழென்றே அறிகிற எழுத்து. அவசரக் குடுக்கை வேலை. பாமினியில் கொம்பையும் ஐகாரக் குறியையும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள்; யூனிகோட்டில் அவை எழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். நான் நேரே மாற்றியதால் குறிகள் முன்னால் நின்ற எழுத்தில் போய் ஏறிக்கொண்டன. உவர்மலை "உவர்மைல" ஆனது. இருந்த இடத்திலேயே எங்கள் ஊர் மலையை மைல் கணக்கில் கொண்டுபோய்விட்டேன். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, அதாவது கொம்பும் எழுத்தும் காலும் சேர்ந்த "கொ" வகைகள், பிறகு கொம்பும் எழுத்தும், கடைசியில் தனி எழுத்து என்று இறங்கினால் சரிவரும். ஒரு கிழமை வேலை. பாமினிக்கு மாற்றிகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன என்று பிறகு கண்டேன், தேடாமல் தொடங்கியது என் கொழுப்பு.

அதன் பிறகு ரீச்சரிடம் போய் இன்னொன்று கேட்டேன். இனி அடிக்கும்போதே யூனிகோட்டில் அடிக்க முடியுமா? பாமினி விசைப்பலகையே யூனிகோட்டில் அடிக்க வைக்கிற மென்பொருள் இருக்கிறது, விரல்கள் புதிதாக எதையும் பழக வேண்டாம். அவவின் கணினியில் பதினைந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவ அனுப்புகிற தாள்களுக்குத் தாங்கியே தேவையில்லை, எந்தப் போனிலும் நேரே வாசிக்கும். ஐந்து மாதம் குழாய் வெட்டிய எனக்கு இது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

வகுப்பில் இயர்போன் போடச் சம்மதம் கிடைக்கவில்லை. "ஒரு பிள்ளைக்கு விட்டா மற்றப் பிள்ளையளும் கேப்பினம்" என்றார்கள். கேட்கட்டுமே என்றேன். கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் கண்ணாடி கேட்பதில்லையே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996 இலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கு நூல்களை வேறு வடிவில் ஆக்கித் தரலாம் என்ற மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பார்வையில்லாதவர்களோடு நிற்பதில்லை, வாசிப்பு இடர்பாடு உள்ளவர்களையும் சேர்க்கிறது. இதையெல்லாம் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டுப் பார்ப்போம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் கதை பரவி, கடைக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். தாங்கியைக் கடையின் முன்மேசையில் வைத்தேன், ஆளுக்கு இருபது நிமிடம். இரண்டாம் நாளே ஒரு பிள்ளை வரவில்லை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், அவர்தான் வந்து சொன்னார்: "தம்பி, ரோட்டால போற ஆக்கள் பாக்கினம், பிள்ளை வெக்கப்படுது." எனக்கு அது மண்டையில் ஏறவேயில்லை பாருங்கள், வெளிச்சத்தையும் உயரத்தையும் அளந்தவன் இதை அளக்கவில்லை. பின்னறையில் சாமான் பெட்டிகளை ஒதுக்கி மேசை போட்டேன். பிள்ளை திரும்பி வந்தது. ஆனால் ஆளுக்கு இருபது நிமிடம் என்பது ஒரு பாடத்துக்கும் காணாது. தனக்கென்று ஒன்று இருக்கிற என் மருமகனுக்கும் வரிசையில் நிற்கிற இவர்களுக்கும் நடுவில் உள்ள தூரம் 13,650 ரூபா.

அந்தக் கணக்கு: போன் 11,000. குழாய் 520, முழங்கையும் ரீயும் 380. எல்இடி பட்டி 750. இயர்போன் 600. பலகை 400. வீணாய்ப் போனது வெப்கமராவும் தகடுமாக 3,700. வெட்டி எறிந்த குழாயைச் சேர்க்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

இன்னும் சரிவராதவை: கணிதப் பாடம் முழுக்க, அட்டவணைகள், கையால் எழுதிய குறிப்பு எதுவும். கரும்பலகையில் எழுதினதைப் பார்த்து எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வெயில் நாளில் போன் சூடாகி 14 செக்கன் 30 ஆகிறது. ஒட்டுப்பலகையில் காற்றுப் போக நாலு துளை போட்டபின் 20 க்கு இறங்கியது. உப்புக் காற்றில் சார்ஜ் வாய் பச்சை பிடிக்கிறது, மாதம் ஒரு தடவை ஐசோபுரப்பைல் மதுசாரம் தொட்ட பல்துலக்கியால் துடைக்க வேண்டும்.

அடுத்ததை வேறு மாதிரிக் கட்டுவேன். மணலைக் கழுவிக் காயவைத்துப் போடுவேன், திருகாணி துருப்பிடிக்காத வகை. கால்களை ஒட்டாமல் கழற்றி மடிக்கக்கூடியதாக விடுவேன், பஸ்ஸில் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ கொண்டுபோக வேண்டி வரலாம். முக்கியமாக, கடைக்கு வருகிற வெடித்த திரைப் போன்களை இப்போது உதிரிப்பாகத்துக்கு உடைப்பதில்லை. கமரா வேலை செய்தால் எடுத்துவைக்கிறேன். ஆறு சேர்ந்திருக்கிறது, அதில் மூன்று அன்ட்ரொய்டு 7 க்கு மேல். நேற்று அந்த மூன்றுக்குமாக ஆறு கால் வெட்டினேன், எல்லாம் 29 சென்ரிமீற்றரில். பிறகுதான் மூன்றில் ஒன்றின் கமரா பார்வை ஒடுக்கமானது என்று கண்டேன். அதற்கு 33 வேண்டும்.